ஃபேன் போடக்கூடாத அறை

இரண்டு வருடத்துக்கு முன்பு, கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மே மாதம், சிதம்பரத்தில் நடந்தது இது. அப்போது நான் கடலூரில் டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். லீவில் எங்கேயாவது இன்டர்ன்ஷிப் முடித்து சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பேங்க், ஆடிட்டர் ஆபீஸ் என்று ஏசி இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குக் கிடைத்தது சிதம்பரத்தில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை. அங்கே ஏசி இல்லை என்பது போகட்டும், தலைக்கு மேலே இருக்கிற ஃபேனைக்கூடப் போடக்கூடாது.

அந்த அறையில் ஒரு அக்கா ரெசினில் நினைவுப் பொருட்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். ரெசின் என்பது தண்ணீர் மாதிரி இருந்து கண்ணாடி மாதிரி இறுகிவிடும் சமாச்சாரம். இரண்டு பாட்டிலில் தனித்தனியாக வரும். கலந்து அச்சில் ஊற்றினால் கெட்டியாகிவிடும். அதற்கப்புறம் எதையும் மாற்ற முடியாது, உள்ளே போனது போனதுதான். கல்யாண மாலைப் பூக்களைக் காயவைத்து அதற்குள் பதித்து ஃபிரேம் போடுவார். குழந்தையின் முதல் முடி, விழுந்த பால் பல் எல்லாம் வரும். எல்லாவற்றையும்விட ஜாஸ்தியாக வருவது குழந்தைகளின் தொப்புள்கொடி. முன்பு வெள்ளித் தாயத்துக்குள் போட்டு இடுப்பில் கட்டுவார்களே, அதையே இப்போது கண்ணாடி டாலருக்குள் பதித்து அம்மாக்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். காற்றடித்தால் தூசி வந்து ஒட்டும் என்பதால்தான் ஃபேனுக்குத் தடை.

முதல் நாள் ஒரு டப்பாவைத் திறந்து, கறுப்பாய்ச் சுருங்கிக் கிடந்த தொப்புள்கொடியைப் பார்த்துவிட்டு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா கவனித்துவிட்டார். "இன்னா மூஞ்ச சுளிக்கற? நீயும் அத வச்சுத்தான் ஒங்கம்மா வயித்துல சாப்ட்ட" என்றார். அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். தனியார் பள்ளியில் டீச்சராக இருந்து, நிர்வாகத்தோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தவர். கோபம் வந்தால் என்னைத்தான் திட்டுவார், திட்டி முடித்ததும் எனக்குத்தான் டீயும் வரும். ஒரு வாரத்தில் எனக்கு எல்லாம் பழகிவிட்டது.

தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்ததால், கடலூர் ஆர்டர்களை நேரில் வாங்குவதும் கொடுப்பதும் என் வேலையாயிற்று. அப்படி ஒரு நாள், கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போகச் சொன்னார் அக்கா. அங்கே வேலை பார்த்த அம்மாவுக்கு இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தார். டாலர் வேண்டாம், சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி செய்து தரவேண்டும் என்றார். எல்லோரும் டாலர்தானே கேட்கிறார்கள் என்று நான் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவைத்தேன்.

"கழுத்துல போட்டா வீட்ல கேப்பாங்க. வண்டிச் சாவில மாட்டிக்கிட்டா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே சொன்னார். பையன் பிறந்து மூன்று மாதத்தில் போய்விட்டான். தொட்டில், சட்டை, கிலுகிலுப்பை எதையும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று பெரியவர்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். "போன்ல போட்டோ இருக்கு. தொட்டுப் பாக்க இது ஒண்ணுதான். நான் ஒளிச்சு வச்சது. பத்தரமா பாத்துக்கம்மா."

பஸ்ஸில் சிதம்பரம் போய்ச் சேரும்வரை அந்த முடிச்சை நான் கையிலேயே வைத்திருந்தேன். பைக்குள் போட மனசு வரவில்லை.

அதே வாரத்தில் சேத்தியாத்தோப்பிலிருந்து இன்னொரு ஆர்டர் வந்திருந்தது. அதுவும் ஆண் குழந்தை. முதல் பிறந்த நாளுக்கு அம்மா கழுத்தில் டாலர் இருக்கவேண்டும், நாள் தள்ளிப்போகக்கூடாது என்று தினமும் போன் வந்துகொண்டிருந்தது. ரெசினைக் கொஞ்சமாகக் கலந்தால் சரியாக இறுகாது என்பதால் அக்கா எப்போதும் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துத்தான் ஊற்றுவார். அன்று இந்த இரண்டையும் சேர்த்து ஊற்றுவதாக ஏற்பாடு.

இரண்டையும் கழுவிச் சுத்தம் செய்து காயவைத்தாகிவிட்டது. அச்சுகள் சின்னவை, கட்டை விரல் நகம் அளவு. அதில் அடங்குவதற்காக இரண்டின் நுனியையும் அக்கா பிளேடால் நறுக்கினார். ஒவ்வொன்றையும் பெயர் எழுதிய துண்டுக் காகிதத்தின் மேல் வைத்து, அதனதன் அச்சுக்கு முன்னால் மேஜையில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

வேலைக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். ஆனாலும் தெரு முழுக்கப் போயிருக்கிறதா, நம் வீட்டில் மட்டும்தானா என்று பார்க்க அக்கா கீழே இறங்கிப் போனார். வியர்த்து வழிய மேலே வந்தவர், கதவுப் பக்கத்தில் இருந்த ஸ்விட்சுகளைத் தட்டிப் பார்த்தார். கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க நாம் எல்லோரும் செய்வதுதானே? வரவில்லை என்றதும் அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அதில் ஒன்று ஃபேன் ஸ்விட்ச் என்று அவருக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. ஒரு கோப்பையில் ரெசினைக் கலந்து ஐஸ் குச்சியால் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றும்போது, "குமிழி வராத, குமிழி வராத" என்று அதனிடம் கெஞ்சுவது அவர் வழக்கம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கரண்ட் வந்தது.

ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. காகிதங்கள் மேஜையிலிருந்து எழும்பிப் பறந்தன. "ஐயோ, ஐயோ" என்று அக்கா கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கத்துகிறார். நான் பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். ஃபேன் நின்றபோது மேஜையில் அச்சுகளைத் தவிர எதுவும் இல்லை.

இரண்டு பேரும் தரையில் முட்டி போட்டுத் தேடினோம். காலை வைத்தால் மிதித்துவிடுவோமோ என்று கைகளை ஊன்றியே நகர்ந்தோம். பெயர்ச் சீட்டுகள் உடனே அகப்பட்டன. ஒரு தொப்புள்கொடி மேஜைக் காலடியில் கிடந்தது. இன்னொன்று அகப்படவேயில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் கதவோரம், என் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பாடா என்று இரண்டையும் ஒரு வெள்ளைத்தாளில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. இதில் எது யாருடையது?

ஒரே நிறம், ஒரே அளவு. நறுக்கியதால் இருந்த கொஞ்ச வித்தியாசமும் போய்விட்டது. மஞ்சள் வாசனைகூடக் கழுவியதில் போயிருந்தது. ஆர்டர் வந்தவுடன் எடுத்த போட்டோக்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். நறுக்குவதற்கு முன்னால் எடுத்ததால் அவை எதற்கும் உதவவில்லை. இதற்கெல்லாம் லேபில் டெஸ்ட் எடுக்கலாமே என்று பிறகு ஒரு தோழி கேட்டாள். கழுவிக் காயப்போட்ட துணுக்கைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பது?

கோப்பையில் ரெசின் சூடாகிக்கொண்டிருந்தது. கலந்த பிறகு அது யாருக்காகவும் காத்திருக்காது. அதுவும் அந்த வெயிலுக்குச் சீக்கிரமே கெட்டியாகிவிடும். "நீதான அத வாங்கிட்டு வந்த. பாத்து சொல்லு, எது?" என்றார் அக்கா. குனிந்து பார்த்தேன். வலது பக்கம் இருந்தது கடலூர் அம்மாவுடையது மாதிரித் தோன்றியது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் இடது பக்கத்தது மாதிரி இருந்தது. ஏதோ ஒன்றைக் காட்டினால் போதும், அக்கா நம்பிவிடுவார், வேலை முடிந்துவிடும். விரலை நீட்டக்கூடச் செய்தேன். ஆனால் வாயிலிருந்து, "தெரியலக்கா" என்றுதான் வந்தது.

அக்கா சின்ன இடுக்கி மாதிரி இருக்கும் சாமணத்தால் ஒன்றை எடுத்தார். சாவிக்கொத்து அச்சுக்கு மேலே கொண்டுவந்தார். "யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. சாமணம் நடுங்கியது. அறையில் காற்றே இல்லை. நான் மூச்சு விட்டால் அது விழுந்துவிடும் போல இருந்தது. கோப்பையிலிருந்து லேசாக ஒரு நெடி கிளம்ப ஆரம்பித்தது.

சாமணத்தை இறக்காமலேயே என்னைப் பார்த்தார். "கடலூருக்கு இத எடுத்துட்டுப் போயி அந்தம்மா கையில நீதான் குடுக்கணும். குடுக்கறப்ப அவுங்க மூஞ்சப் பாப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். "பத்தரமா வச்சிருந்தேன்க்கா" என்று சொல்லி அந்த அம்மாவிடம் நீட்டுவதை நினைத்தேன். "பாக்க முடியாதுக்கா" என்றேன்.

"என்னாலயும் முடியாது" என்று அதைத் திரும்பத் தாளில் வைத்தார். இரண்டு பேரும் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொட முடியாத அளவுக்குச் சுட்டு, கொஞ்ச நேரத்தில் அது அப்படியே கல்லாகிவிட்டது. ஐஸ் குச்சி நடுவில் நட்டுக்கொண்டு நின்றது.

அக்கா அன்று சாயங்காலமே சேத்தியாத்தோப்பு அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவர் முதலில் திட்டினார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பிறகு, இன்னொன்று யாருடையது என்று கேட்டார். அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, அதையும் சொல்லிவிட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் உடைந்து வந்தது. "எம்புள்ள நல்லா ஓடியாடிக்கிட்டு கீறான். செத்துப்போன புள்ளையோடத என் கழுத்துல மாட்டச் சொல்றீங்களா? நாளைக்கி அவனுக்கு ஒரு ஜொரம் வந்தா நான் இன்னான்னு நெனைப்பேன்?" போன் கட்டாகிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மறுநாள் இரண்டு பேரும் கடலூருக்கு பஸ் ஏறினோம். அக்கா மடியில் ஒரு டப்பா, அதற்குள் இரண்டு சின்ன டப்பா. பக்கத்தில் நின்றவர் பையை இதன்மேல் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு அக்கா முறைத்த முறைப்பில் அவர் அடுத்த சீட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார். போகும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "எல்லாம் மறந்து போச்சுடி" என்றார்.

ஜெராக்ஸ் கடைக்கு எதிரில் கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கம் அந்த அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினோம். முடிந்துவிட்டதா என்று அவர் ஆசையாகக் கேட்டபோது எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னார். கரண்ட் போனது, ஸ்விட்சைத் தட்டியது, பறந்தது, எது எதென்று தெரியாதது. "தப்பு என் மேலதான்" என்றும் சொன்னார். இரண்டு டப்பாவையும் திறந்து காட்டினார்.

அந்த அம்மா கத்தவில்லை, அழவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கரும்பு மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கப்போகிறாரோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொண்ணு உசுரோட இருக்கற புள்ளையா?" என்று கேட்டார்.

அக்கா தலையாட்டினார்.

"அப்ப அவுங்கள மொதல்ல எடுத்துக்கச் சொல்லுங்க. அவுங்களுக்குச் சந்தேகம் இருக்கக்கூடாது, புள்ள வளக்கறவங்க. மீதி எது இருக்குதோ, அது எம்புள்ள."

கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் போய் மிஷினுக்கு முன்னால் நின்று, வக்கீல் குமாஸ்தா கொடுத்த தாள்களை ஒவ்வொன்றாக வைத்துக் காப்பி எடுக்க ஆரம்பித்துவிட்டார். பள்ளி நிர்வாகத்தையே எதிர்த்துச் சண்டை போட்ட எங்கள் அக்கா, ஜூஸ் வண்டி ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கடலூர் அம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சேத்தியாத்தோப்பு அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார் அக்கா. கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது. பதில் இல்லை. பிறந்த நாள் நெருங்க நெருங்க, படியில் காலடிச் சத்தம் கேட்டாலே இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். விஷயம் பரவி யாராவது சண்டைக்கு வரப்போகிறார்களோ என்று எனக்குப் பயம்.

பிறந்த நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இடுப்பில் குழந்தையோடு சேத்தியாத்தோப்பு அம்மாவே வந்து நின்றார். கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மேஜையருகே போனார். இரண்டையும் பார்த்தார், ஆனால் தொடவில்லை. கடலூர் அம்மா எப்படி இருப்பார் என்று என்னைக் கேட்டார். ஜெராக்ஸ் கடையைப் பற்றி, வண்டிச் சாவியைப் பற்றி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, என் இடுப்பில் இருந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அக்காவிடம், "ரெண்டையும் ரெண்டா வெட்டுங்க. ஆளுக்கு ரெண்டுலயும் பாதி போடுங்க. அப்ப யாருக்கும் சந்தேகமில்லயில்ல?" என்றார்.

அக்கா அவரையே பார்த்தார். யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

"பயமாத்தான் கீது" என்று வந்து குழந்தையின் தலையைத் தடவினார். "ஆனா அவுங்களுக்கு மீதியக் குடுக்கக்கூடாதுக்கா."

இந்தத் தடவை அக்கா மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். புது பிளேடு எடுத்தார். காய்ந்துபோன துணுக்கு அது, கொஞ்சம் அழுத்தினால் தூளாகிவிடும். குழந்தை என் இடுப்பில் துள்ளி, மேஜையில் பளபளத்த அச்சைப் பிடிக்கக் கையை நீட்டியது. நான் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலாவது சுத்தமாக இரண்டானது. இரண்டாவதை வெட்டும்போது ஓரத்தில் ஒரு பொடி உதிர்ந்தது. அவன் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அந்தப் பொடியைக்கூட விடவில்லை. சாமணத்தால் இரண்டாகப் பிரித்து இரண்டு அச்சிலும் வைத்தார். ரெசின் ஊற்றினார். அன்று அதனிடம் அவர் கெஞ்சவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை.

சாவிக்கொத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்புத் துணுக்கு.

"தொணைக்கு ஒருத்தன் கீறான்" என்றார்.

அப்போதுதான் அவர் அழுதார். பிறகு அந்தப் பையனின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதைச் சாவியில் மாட்டி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு மஞ்சக்குப்பம் பக்கம் போய்விட்டார். நான் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், போகும்போதும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்கு சர்டிபிகேட் கிடைத்தது. இப்போது கடலூரிலேயே ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அங்கே ஃபேன், ஏசி எல்லாம் இருக்கிறது. வேலையில் ஏதாவது பிசகி, யாருக்குத் தெரியப்போகிறது என்று தள்ளிவிடத் தோன்றும்போதெல்லாம், அந்தப் புழுக்கமான அறையில் நடுங்கிக்கொண்டிருந்த சாமணமும், "குடுக்கறப்ப அவுங்க மூஞ்சப் பாப்பியா" என்ற கேள்வியும் முன்னால் வந்து நிற்கின்றன. அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இன்றுவரை எதையும் யார் கையிலும் கொடுக்க முடிந்ததில்லை.